தனித்தனியாக வராதீர்கள், சேர்ந்து வாருங்கள்

தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அவர்களுக்கும், மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள மருத்துவ, செவிலியர், மருந்தியல், இயன்முறை மருத்துவக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒத்தக்கடைக்குப் பக்கத்தில், யானைமலை அடிவாரத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. மருத்துவத்துக்கும் எனக்கும் உள்ள ஒரே சம்பந்தம் என் அப்பா. அவருக்கு 74 வயது. மதுரையில் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடும் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். சர்க்கரையும் பிரஷரும் நெடுநாளாக உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்பு பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. அதிலிருந்து எங்கள் வீட்டுத் திண்ணைதான் அவருடைய உலகம்.

அந்தத் திண்ணைக்கு உங்கள் மாணவர்கள் அடிக்கடி வருகிறார்கள். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன வருடம் நாலைந்து மாதத்துக்குள் நான்கு கூட்டம் வந்து போனது. முதலில் எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் மூன்று பேர். கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துப் பார்த்துக்கொள்ளும் திட்டம், 2021-22-இல் சேர்ந்தவர்களிலிருந்து நாடு முழுக்க எல்லா மருத்துவ மாணவர்களுக்கும் வந்துவிட்டதாமே, அதற்காக. வீட்டில் எத்தனை பேர், தண்ணீர் எங்கிருந்து, கழிப்பறை உண்டா, மாதத்துக்கு உப்பு எத்தனை பாக்கெட் என்று கேட்டார்கள். அப்பாவை உட்கார வைத்து பிரஷர் பார்த்தார்கள். 130 இருந்தது. ‘நல்ல கன்ட்ரோல், தாத்தா’ என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அப்புறம் நர்சிங் மாணவிகள். இவர்கள் வந்தால் எனக்கு வேடிக்கை பார்க்கப் பிடிக்கும். திண்ணையில் முதலில் பழைய செய்தித்தாளை விரிப்பார்கள். அதன் மேல்தான் பையை வைப்பார்கள். சோப்பும் தண்ணீரும் வாங்கிக் கையைக் கழுவிய பிறகுதான் பையைத் திறப்பார்கள். வேலை முடிந்ததும் அந்தத் தாளை உள்பக்கமாக மடிப்பார்கள். அவ்வளவு சுத்தம். அவர்களில் ஒரு பெண் அப்பாவின் கணுக்காலைக் கட்டை விரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. ‘கால் வீக்கம்’ என்று நோட்டில் எழுதினாள். காலைத் தலையணை மேல் தூக்கி வைக்கச் சொன்னாள்.

மூன்றாவதாக ஒரு பிசியோதெரபி பையன். அப்பாவை எழுப்பி நிற்க வைக்க நான்கு நாள் வந்தான். நின்றதும் அப்பா ‘தலை சுத்துதுப்பா’ என்று உட்கார்ந்துவிடுவார். நான்காம் நாள் அந்தப் பையன் தாளில் எழுதியதைத் தன் சீனியருக்குப் போனில் வாசித்தான்: ‘பேஷன்ட் கோஆப்பரேஷன் புவர்’. அவன் போன பிறகு அதற்கு என்ன அர்த்தம் என்று அப்பா என்னிடம் கேட்டார். எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

கடைசியாக ஃபார்ம் டி என்ற மருந்தியல் படிப்பு படிக்கும் மாணவர் ஒருவர், ஏதோ ஆய்வுக்காகக் கேள்வித்தாளோடு வந்தார். மாத்திரையை மறக்காமல் சாப்பிடுகிறீர்களா, வெளியூர் போனால் எடுத்துப் போகிறீர்களா, உடம்பு நன்றாக இருக்கும்போது நிறுத்துவீர்களா என்று பத்து கேள்வி. அப்பா ஒரு வேளையும் விட்டதில்லை. முழு மதிப்பெண் வாங்கினார். அன்று முழுக்க அவருக்கு அதில் ஒரு பெருமை.

இந்த நான்கு வருகைக்கும் நடுவில்தான் அப்பா ஒரு ராத்திரி கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்தார். நெற்றியில் ஐந்து தையல்.

விஷயம் வெளியே வந்தது தற்செயலாக. பங்குனித் திருவிழாவும் ஒரு பரீட்சையும் குறுக்கே வந்து எல்லாருடைய தேதியும் குழம்பிப்போக, ஒரு சனிக்கிழமை காலை நர்சிங் பெண், பிசியோ பையன், ஃபார்ம் டி தம்பி மூன்று பேரும் ஒரே நேரத்தில் எங்கள் திண்ணைக்கு வந்து சேர்ந்தார்கள். அப்பா குளித்துக்கொண்டிருந்தார். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள். பஸ் ஸ்டாப்பில் நிற்பது மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பா வந்து உட்கார்ந்ததும் அந்தப் பெண் வழக்கம்போலக் கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். போன தடவையைவிட ஆழமான குழி. அதைப் பார்த்த ஃபார்ம் டி தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘அக்கா, தாத்தா சாப்பிடுற மாத்திரை எல்லாத்தையும் கொண்டு வாங்க’ என்றார். பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து கவிழ்த்தேன். ஒவ்வொரு அட்டையாகத் திருப்பி, பெரிய எழுத்தில் இருந்த கம்பெனிப் பெயரை விட்டுவிட்டு அடியில் இருக்கும் பொடி எழுத்தை வாசித்தார். அரசு மாத்திரை அட்டையில் அம்லோடிபின். பக்கவாதம் வந்தபோது ஒரு தனியார் மருத்துவமனையில் எழுதிக் கொடுத்த மாத்திரை டெல்மிசார்ட்டானும் அம்லோடிபினும் கலந்தது. ‘அக்கா, ரெண்டுலயும் அதே மருந்து இருக்கு.’

எங்களுக்கு அது தெரியாது. ஒன்று பிரஷர் மாத்திரை, இன்னொன்று பக்கவாதத்துக்குக் கொடுத்தது என்றுதான் நினைத்திருந்தோம். இரண்டுக்கும் நிறம் வேறு, பெயர் வேறு. யாரும் ஏமாற்றவில்லை. டப்பாவை யாரிடமும் முழுசாக நாங்கள் காட்டியதும் இல்லை.

அம்லோடிபின் அளவு கூடினால் சிலருக்குக் கால் வீங்குமாம். அந்த வீக்கத்தைப் பார்த்துத்தான் பக்கத்து கிளினிக்கில் நீர் மாத்திரை கொடுத்திருந்தார்கள். அதைச் சாயங்காலம் போடுவதால்தான் ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்க வேண்டியிருந்தது. இத்தனையும் சேர்ந்தால் நிற்கும்போது பிரஷர் இறங்கிவிடுமாம். பிசியோ பையன் சொன்னான்: ‘அதான் நிக்க வெச்சா தலை சுத்துதுன்னாரு!’ நர்சிங் பெண் உடனே அப்பாவை உட்கார வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை பிரஷர் பார்த்தாள். 132. நின்றதும் 104. மூன்று பேரும் பேசாமல் அந்த எண்ணையே பார்த்தார்கள். மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மூவருக்கும் இல்லை. ஆனால் அது அவர்களுக்கே தெரிந்திருந்தது. ஒரே தாளில் எழுதிக் கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் காட்டச் சொன்னார்கள். டாக்டர் டப்பாவைப் பார்த்து, ஒன்றை நிறுத்தினார், நீர் மாத்திரையையும் நிறுத்தினார். மூன்று வாரத்தில் அப்பா செருப்பு போட முடிந்தது. இப்போது வாசல் வரை நடக்கிறார்.

திண்ணையில் ஆனது இருபது நிமிடம்கூட இருக்காது. நான்கு மாதமாக நான்கு நோட்டில் தனித்தனியாகக் கிடந்த விஷயம் அது. 130 ஒரு நோட்டில். கால் வீக்கம் ஒரு நோட்டில். தலைச்சுற்றல், அதுவும் ‘ஒத்துழைப்பு இல்லை’ என்ற பெயரில், இன்னொன்றில். முழு மதிப்பெண் வேறொன்றில். எந்தப் பிள்ளையும் தன் வேலையைத் தப்பாகச் செய்யவில்லை. அவரவர் கல்லூரி சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்தார்கள்.

அப்பாவிடம் இதை விளக்கிச் சொன்னபோது அவர் தன் தொழிலுக்குப் போய்விட்டார். சுங்குடியில் முடிச்சுப் போடுகிறவர்கள் ஒரு ஊரில் இருப்பார்கள், சாயம் போடுகிறவர்கள் வேறிடத்தில். ‘கட்டு யாரு போட்டதுன்னு சாயத்தொட்டியில விழுந்தா எனக்குத் தெரிஞ்சுபோகும். நானே போயி சொல்லுவேன், ஆத்தா இந்த ஓரத்துல லூசா கெடக்குன்னு. இந்தப் புள்ளைக ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கிறதே இல்லையா?’ என்றார். அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் அனுப்புகிறேன்.

உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2010-இலேயே இதற்காகத் தனி வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது: வெவ்வேறு மருத்துவத் தொழில் படிப்பவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் சேர்ந்து படிக்க வேண்டும் என்று. சுவீடனில் லிங்ஷாப்பிங் பல்கலைக்கழகம் 1986-இலிருந்து இந்த வழியில் போகிறது. அமெரிக்காவில் புளோரிடா பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டிலேயே பல படிப்பு மாணவர்களைச் சிறு குழுவாக்கி, ஒரு குடும்பத்தின் வீட்டுக்குத் திரும்பத் திரும்ப அனுப்புகிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன், 2019-இல் நம் நாட்டில் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே மருத்துவக் குழுவில் சேர்ந்து வேலை செய்வது பற்றி ஒரு பகுதி உண்டு. எங்கள் வீட்டுக்கு வரும் மாணவரிடம் விசாரித்தேன். வகுப்பில் நடத்தினார்களாம். வகுப்பில் யார் இருந்தார்கள் என்று கேட்டேன். எல்லாரும் எம்.பி.பி.எஸ். தான். நீச்சலைக் கரும்பலகையில் எழுதிப் போட்ட மாதிரி.

அறுவை சிகிச்சைக்கு முன் சரிபார்க்கும் பட்டியல் ஒன்றை உலக சுகாதார நிறுவனம் 2008-இல் கொண்டுவந்தது. கத்தி வைப்பதற்கு முன், அறையில் இருக்கும் எல்லாரும் தன் பெயரையும் தன் வேலையையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு வரி. டெல்லி உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைப் பயன்படுத்திப் பார்த்ததில் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்ததாக 2009-இல் வெளியிட்டார்கள். பெயர் சொன்னதால் மட்டும் குறைந்தது என்று நான் சொல்லவில்லை, பட்டியலில் வேறு பலதும் இருந்தன. ஆனால் முப்பது வருடம் அனுபவம் உள்ளவர்களிடம்கூடப் போய் ‘உன் பெயரைச் சொல்’ என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே, அதைத்தான் யோசித்துப் பார்க்கிறேன்.

மதுரைக்காரர்களுக்கு இதைப் புரிய வைக்கக் கஷ்டப்பட வேண்டியதும் இல்லை. 1976-இல் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குப் போகாத குடும்பம் இந்தப் பக்கம் குறைவு. அங்கே கிராமத்திலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள் பார்வையைச் சோதித்து, சொட்டு மருந்து விட்டு, ஆளைத் தயார் செய்து உட்கார வைத்திருப்பார்கள். டாக்டர் தன் வேலையை மட்டும் செய்வார். ஒருவர் கை இன்னொருவர் கைக்கு எங்கே மாறுகிறது என்பது நோயாளிக்கே தெரியாது.

அரசும் இந்த வழிக்கு வந்துவிட்டது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் தன்னார்வலர், நோய் தணிப்புச் செவிலியர், பிசியோதெரபிஸ்ட் எல்லாரும் வீட்டுக்கே வருகிறார்கள். 2024-இல் ஐ.நா. விருதும் வாங்கிய திட்டம். நாளைக்கு உங்கள் மாணவர்கள் போய்ச் சேரப்போகும் வேலை இது மாதிரியானதுதான். படிக்கிற காலத்தில் ஒரு நாள்கூட ஒன்றாகத் திண்ணையில் உட்காராதவர்கள், சம்பளம் வாங்கத் தொடங்கியதும் ஒரே குழுவாகிவிடுவார்கள் என்று எதிர்பார்ப்பது எப்படி?

புதுத் திட்டம் எதுவும் நான் கேட்கவில்லை. புதுக் கட்டடமும் வேண்டாம். (கட்டடம் என்றால் எத்தனை வருடம் ஆகும் என்பது எய்ம்ஸ் மருத்துவமனைக்கு இடம் ஒதுக்கிய தோப்பூர்ப் பக்கம் பஸ்ஸில் போகும் எல்லாருக்கும் தெரியும்.) ஏற்கெனவே நடக்கிற நான்கு வருகையை ஒரே நாளில் வையுங்கள். ஒரு படிப்புக்கு ஒருவர், மொத்தம் நான்கு பேர், ஒரு வருடம் முழுக்க அதே குடும்பத்துக்கு. எட்டுப் பேர் வந்தால் அது கல்யாண வீடு, யாரும் மனம் விட்டுப் பேச மாட்டோம்.

முதல் தடவை வரும்போது கருவி எதையும் வெளியே எடுக்க வேண்டாம். பேசிவிட்டுப் போகட்டும். அடுத்த தடவையிலிருந்து இரண்டு காரியத்தைக் கட்டாயமாக்குங்கள்: மாத்திரை டப்பாவை நான்கு பேரும் சேர்ந்து கவிழ்த்துப் பார்ப்பது, நோயாளி படுக்கையிலிருந்து கழிப்பறை வரை நடப்பதை நான்கு பேரும் கூடவே போய்ப் பார்ப்பது. என் அப்பா விழுந்த இடத்தில் ஒரு படி அரை அடி உயரம். வந்தவர்களில் யாரும் வீட்டுக்குள் அந்த இடம் வரை வந்ததில்லை. கழிப்பறை இருக்கிறதா என்று கேட்டார்கள், இருக்கிறது என்றேன், டிக் போட்டார்கள்.

பார்த்து முடித்துக் கிளம்பிய பிறகு அரை மணி நேரம் எங்கேயாவது சேர்ந்து உட்காரட்டும். எங்கள் ஊர் ஆலமரத்தடி இருக்கிறது, டீக்கடை இருக்கிறது. நான்கு பேருக்கும் சேர்த்து ஒரே குறிப்பு எழுதட்டும். அதில் ஒரு பிரதி வீட்டில், ஒன்று ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்கு. மருந்தை மாற்றும் வேலை அவருடையது. அதில் மாணவர்கள் கை வைக்கக் கூடாது என்பதை எழுத்திலேயே சொல்லிவிடுங்கள்.

இங்கே ஆசிரியையாக ஒன்று சொல்ல வேண்டும். குழுவாகச் செய் என்று பிள்ளைகளிடம் சார்ட் பேப்பரைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பது எனக்கு மனப்பாடம். நன்றாகப் படிக்கிறவன் எழுதுவான், ஒருத்தி கோடு போட்டுக் கொடுப்பாள், இன்னொருத்தி ஸ்கெட்ச் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நான்காமவன் ஜன்னலைப் பார்ப்பான். உங்கள் குழுவிலும் அதுவே நடக்கும். எம்.பி.பி.எஸ். மாணவர் தலைவராகிவிடுவார், நர்சிங் பெண் பையைத் தூக்குவாள், மற்ற இருவரும் போட்டோவுக்கு நிற்பார்கள். யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை, தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவது மாதிரி அதுவாக நடக்கும். அதனால் பேச்சைத் தொடங்குகிறவர், குறிப்பு எழுதுகிறவர், தலைமை எல்லாம் ஒவ்வொரு தடவையும் மாறட்டும். பிசியோ மாணவர் தலைமை தாங்கும் நாளில் டாக்டர் மாணவர் குறிப்பெழுதட்டும். கூட வரும் ஆசிரியரும் நான்கு கல்லூரியிலிருந்து முறை வைத்து வரட்டும். ஒரு பேராசிரியர் நர்சிங் டியூட்டரை எப்படிக் கூப்பிடுகிறார் என்பதை மாணவர்கள் கவனிக்காமல் இருக்க மாட்டார்கள். பாடப் புத்தகத்தைவிட அது சீக்கிரம் மனதில் ஏறும்.

எங்கள் முன்னால் ஆங்கிலத்தில் பேசிக்கொள்ள வேண்டாம் என்றும் சொல்லுங்கள். அப்பாவுக்குப் ‘புவர்’ என்றால் என்னவென்று கடைசியில் தெரிந்துவிட்டது, பேரன் சொல்லிவிட்டான்.

டைம்டேபிள் ஒத்து வராது என்பீர்கள். இது தெரிந்த ஒரு பேராசிரியரே என்னிடம் சொன்னது. நான்கு படிப்புக்கும் தேர்வு மாதம் வேறு, டெல்லியில் ஆளுக்கொரு கவுன்சில், ஆணையம். சரி. ஆனால் தமிழ்நாட்டில் இந்தக் கல்லூரிகளில் பெரும்பாலானவை ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ்தான் இருக்கின்றன. அந்தப் பல்கலைக்கழகம் நினைத்தால் மாதத்தில் ஒரு சனிக்கிழமையை நான்கு படிப்புக்கும் பொதுவாக ஒதுக்க முடியாதா? கல்லூரிகள் ஒரே வளாகத்தில் இல்லை என்றாலும் மாட்டுத்தாவணியில் எல்லாருக்கும் பஸ் உண்டு. அங்கிருந்து ஒத்தக்கடை கால் மணி நேரம். பல்கலைக்கழக உத்தரவு வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கல்லூரி முதல்வர்கள் போனில் பேசினாலே பத்து வீட்டில் தொடங்கிவிடலாம்.

மதிப்பெண் போடாமல் எதையும் மாணவர்கள் செய்ய மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும், நானும் அதே தொழில்தான். கொஞ்சம் மதிப்பெண் வையுங்கள், நான்கு பேருக்கும் ஒரே மதிப்பெண்ணாக. அதைப் போடும்போது வீட்டுக்காரர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். இதுவரை எங்களிடம் நூறு கேள்வியாவது கேட்டிருப்பார்கள். வந்தவர்கள் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஒருவரும் கேட்டதில்லை.

முதல் குழுவுக்கு வீடு தேட வேண்டாம், எங்கள் வீடு இருக்கிறது. சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அப்பா குளித்து, சாப்பிட்டு, திண்ணைக்கு வரப் பத்து மணி ஆகும். அதற்குப் பிறகு வரச் சொல்லுங்கள். மாத்திரை டப்பாவை வெளியே எடுத்து வைத்திருப்பேன். அந்தப் படியை இன்னும் இடிக்கவில்லை. எவ்வளவு சரிவாகப் போட வேண்டும் என்று பிசியோ படிக்கிறவர்கள் வந்து சொன்னால் கொத்தனாரை வரச் சொல்லலாம் என்று இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒத்தக்கடைப் பக்கத்திலிருந்து ஒரு நோயாளியின் மகள்